உடல்நல சென்சாரில் முடிவெடுக்க எது சரி: மதிப்பெண் அட்டவணையா, ஃபஸி லாஜிக்கா, மெஷின் லேர்னிங்கா?

புராஜெக்ட் தலைப்பு பதிவு செய்யும் மாதம் வந்துவிட்டால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். இறுதியாண்டு மாணவர்கள் கேட்கிறார்கள், பிஎச்.டி. சேர்ந்து முதல் கமிட்டி கூட்டத்துக்குத் தயாராகிறவர்களும் கேட்கிறார்கள். "உடம்பில் மாட்டும் வயர்லெஸ் சென்சார் வைத்து நோயாளியைக் கண்காணிக்கும் கருவி செய்கிறேன். நாடி, ஆக்சிஜன், மூச்சு, காய்ச்சல் எல்லாம் வருகிறது. எப்போது ஆபத்து என்று முடிவு செய்ய ஃபஸி போடட்டுமா, மெஷின் லேர்னிங் போடட்டுமா? கைடு ஒன்று சொல்கிறார், பேனல் வேறொன்று சொல்கிறது."

ஃபஸி என்பது உண்டு, இல்லை என்று வெட்டாமல் 'எவ்வளவு உண்டு' என்று கேட்கும் கணிதம். மெஷின் லேர்னிங் என்பது எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் முறை. இந்த இரண்டுக்கும் நடுவே தடுமாறுகிறவர்கள் மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். மருத்துவமனைகளில் ஏற்கெனவே புழங்கும் மதிப்பெண் அட்டவணை அது. நான் கணிதம் கற்பிப்பவன். ஃபஸி கணம் (செட்), ஃபஸி உறவு என்று பல ஆண்டுகள் இதிலேயே கழிந்திருக்கின்றன. அதனால் ஃபஸிதான் என்று சொல்வேன் என எதிர்பார்த்து வருகிறவர்கள் உண்டு. எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது.

## முதலில் எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல்: முடிவெடுக்கத் தேவையான அறிவு இப்போது எங்கே இருக்கிறது? அச்சிட்ட அட்டவணையிலா, மருத்துவரின் அனுபவத்திலா, குறியிட்டுச் சேமித்த தரவிலா? என் பார்வையில் பாதி முடிவு இந்தக் கேள்வியிலேயே வந்துவிடும்.

இரண்டாவது: உங்கள் சிக்கலில் இருப்பது எந்த வகைத் தெளிவின்மை? இங்கேதான் ஆய்வேடுகள் அதிகம் சறுக்குகின்றன, அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "ஆக்சிஜன் கொஞ்சம் குறைவு" என்று மருத்துவர் சொல்லும்போது 'கொஞ்சம்' எங்கே தொடங்குகிறது என்பதற்குக் கோடு கிடையாது. அது சொல்லில் உள்ள மங்கல். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 94 சதவீதம் காட்டும்போது உண்மை 92 ஆகவும் இருக்கலாம், 96 ஆகவும் இருக்கலாம். அது அளவீட்டுப் பிழை. சென்சார் பெட்டியிலிருந்து தகவலே வராமல் போனால் அது இழப்பு. ஃபஸி கணிதம் பிறந்தது முதல் வகைக்காக. இரண்டாவதுக்கு இரைச்சலை நீக்கும் வடிகட்டியும் புள்ளியியலும் வேண்டும். மூன்றாவதை "தெரியவில்லை" என்று தனி நிலையாகவே வைக்க வேண்டும்.

இதை ஒரு மாணவரின் கருவியில் நேரிலேயே பார்த்தேன். மார்பில் கட்டும் பெல்ட்டை அவரே மாட்டிக்கொண்டு விடுதியில் தூங்கினார். காலையில் பதிவைத் திறந்தால் நள்ளிரவுக்கு மேல் இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று ஓட்டைகள். குப்புறப் படுத்திருக்கிறார், பெட்டி உடம்புக்கு அடியில் போயிருக்கிறது. புளூடூத் அலை 2.4 கிகாஹெர்ட்ஸ். உடம்பில் இருக்கும் நீர் அதை நன்றாக உறிஞ்சிவிடும். அவருடைய ஃபஸி நிரலோ வராத தகவலைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. நாடி பூஜ்யம் என்றால் 'மிகக் குறைவு' என்ற கணத்தில் முழு உறுப்பாண்மை (அந்தச் சொல் முழுக்கப் பொருந்துகிறது, மதிப்பு 1), உடனே அலாரம். அடுத்த வாரம் அதைத் திருத்தி வந்தார்: தகவல் வராவிட்டால் கடைசியாக வந்த மதிப்பையே திரும்பத் திரும்ப வைத்துக்கொள்ளும். அலாரம் நின்றது. ஆனால் அந்த நிரலில் ஒருவர் இறந்துபோனாலும் நாடி 76 என்றே ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு தவறும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. இழப்பை மங்கலாக நினைத்துவிட்டார்.

மூன்றாவது அளவுகோல் மின்கலம். நான்காவது, பொய் அலாரம் எத்தனை வரும் என்பது. ஐந்தாவது, இரவு இரண்டு மணிக்கு வார்டு சிஸ்டர் "ஏன் அடிக்குது?" என்று கேட்டால் ஒரே வரியில் காரணம் சொல்ல முடியுமா என்பது. ஆறாவது, அனுமதி. நோயாளியிடம் அளவெடுக்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். கருவியை விற்கும் எண்ணம் இருந்தால் 2017-ன் மருத்துவக் கருவி விதிகள் குறுக்கே வரும், அங்கே மென்பொருளும் மருத்துவக் கருவியாகவே எண்ணப்படும். எந்த முறையை எடுத்தாலும் இந்த ஆறாவது சுமை இருக்கிறது. காரணத்தை எழுதிக்காட்ட முடிந்தவருக்கு அது சற்று இலகு.

## மதிப்பெண் அட்டவணை

பிரிட்டனின் மருத்துவர் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் வெளியிட்டு 2017-ல் திருத்திய நியூஸ்2 (தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண்) அட்டவணையை எடுத்துக்கொள்வோம். மூச்சு வேகம், ஆக்சிஜன் செறிவு, மேல் ரத்த அழுத்தம், நாடி, நினைவு நிலை, உடல் வெப்பம் ஆகிய ஆறுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஆக்சிஜன் வைத்திருந்தால் அதற்குக் கூடுதலாக 2. கூட்டினால் 5 வந்தால் அவசரம், 7 வந்தால் மிக அவசரம்.

இதன் பலம் பெரியது. சிறு குழந்தைக்கும் புரியும் கூட்டல், எந்த மலிவான சிப்பிலும் ஓடும், சிஸ்டருக்கு விளக்க வேண்டியதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையான வார்டுகளில் பல ஆண்டு புழங்கித் தேறிய முறை.

பலவீனம் கோட்டின் ஓரத்தில் இருக்கிறது. ஒரு நோயாளிக்கு நாடி 110, மூச்சு 20, ஆக்சிஜன் 94, வெப்பம் 38.0 செல்சியஸ், மற்றவை இயல்பு. மதிப்பெண் முறையே 1, 0, 1, 0. கூட்டினால் 2. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு நாடி 111, மூச்சு 21, ஆக்சிஜன் 93, வெப்பம் 38.1. மதிப்பெண் 2, 2, 2, 1. கூட்டினால் 7. அளவுகளில் உள்ள வித்தியாசம் ஒவ்வொன்றிலும் கடைசி இலக்கம் மட்டும்தான். ஆனால் ஒருவரைச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும், மற்றவருக்கு உடனே குழுவை அழைக்க வேண்டும். ஆக்சிஜன் கருவியின் பிழையே 2, 3 புள்ளி இருக்கும்போது இந்தத் தாவல் கவலை தருகிறது. சிஸ்டர் கையால் அளந்து கண்ணாலும் பார்க்கிற வார்டில் இது பெரிய குறையல்ல, அவர் மனத்திலேயே சரிசெய்துகொள்வார். நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அளக்கும் கருவியிலோ எண் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடி, அலாரம் அடித்து அடித்து நிற்கும்.

மறைமுகச் செலவு வேறொன்று. நினைவு நிலையை உங்கள் கைப்பட்டை அளக்காது. ரத்த அழுத்தத்தையும் பெரும்பாலான மாணவர் கருவிகள் அளப்பதில்லை. மீதி நான்கை மட்டும் கூட்டிவிட்டு "நியூஸ்2 செய்தேன்" என்று எழுத முடியாது, ஏனென்றால் தேறியது முழு அட்டவணைதான். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது பொருந்தாது. நாள்பட்ட நுரையீரல் நோயால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்குகிறவர்களுக்கு ஆக்சிஜன் இலக்கே 88 முதல் 92 வரை. அவர்களுக்காக அட்டவணையிலேயே தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள்.

## ஃபஸி லாஜிக்

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் லாட்ஃபி ஸாதே 1965-ல் முன்வைத்த எண்ணம் எளிமையானது: ஒரு பொருள் ஒரு கணத்தில் உண்டு, இல்லை என்பதற்குப் பதிலாக 0-க்கும் 1-க்கும் இடையே எவ்வளவு உண்டு என்று கேட்கலாம். லண்டனில் மம்தானி 1970-களின் நடுவில் இதை வைத்து ஒரு சிறு நீராவி இயந்திரத்தைக் கட்டுப்படுத்திக் காட்டினார். இயந்திரத்தை ஓட்டுகிறவர் வாயால் சொல்லும் விதிகளையே கணக்காக்கினார் என்பதுதான் அதில் முக்கியம். நம் பக்கத்திலேயே ஐஐடி மெட்ராஸில் கணிதப் பேராசிரியராக இருந்த வசந்தா கந்தசாமி, தமிழகக் கிராமப்புறங்களில் எச்ஐவி பாதித்த இடம்பெயர் தொழிலாளர்களின் நிலையை ஃபஸி வரைபடங்களால் ஆராய்ந்தார். அங்கேயும் மூலப்பொருள் மனிதர்களின் பேச்சு. ஃபஸியின் இடம் இதுதான். அறிவு ஒருவர் பேச்சில் இருக்க வேண்டும், அது எண்ணாக மாற வேண்டும்.

ஒரு மருத்துவரோடு உட்கார்ந்து விதி எழுதிய மாலையில் அவர் சொன்னது இன்னும் என் குறிப்பேட்டில் இருக்கிறது: "தொண்ணூத்தி நாலு இருந்தாலும் ஆளு நல்லா பேசினா விட்டுடுவேன் சார். அதே தொண்ணூத்தி நாலு, கூடவே மூச்சு வேகமா வாங்குது, நாடியும் ஓடுதுன்னா விடமாட்டேன்." அட்டவணையில் இந்த 'கூடவே'வுக்கு இடமில்லை, அது தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறது. ஃபஸி விதியில் 'கூடவே' நடுநாயகமாக வரும்.

மேலே சொன்ன இரண்டு கட்டில்களையே பாருங்கள். ஆக்சிஜன் 96-ல் 'குறைவு' 0, 91-ல் 1 என்று நேர்கோடு வரைவோம். நாடி 90-ல் 'அதிகம்' 0, 130-ல் 1. முதல் நோயாளிக்கு 0.4, 0.5. இரண்டாமவருக்கு 0.6, 0.525. 'ஆக்சிஜன் குறைவு, கூடவே நாடி அதிகம்' என்ற விதிக்கு இரண்டில் சிறியதை எடுத்தால் 0.4, 0.525. அட்டவணையில் 2-லிருந்து 7-க்குத் தாவியவர்கள் இங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

இப்போது செலவுகள். சிறியதை எடுப்பதற்குப் பதிலாகப் பெருக்கினால் அதே முதல் நோயாளிக்கு 0.2 வரும். விதி மாறவில்லை, நோயாளி மாறவில்லை, விடை பாதியாகிவிட்டது. சிறியதை எடுப்பது, பெருக்குவது என்ற இரண்டில் எதை ஏன் எடுத்தீர்கள் என்று ஆய்வேட்டில் எழுதியாக வேண்டும். அடுத்து, அந்தக் கோடுகளை இந்தக் கட்டுரைக்காக நானே வரைந்தேன். மாணவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள், மென்பொருள் தானாகப் போட்டுத்தரும் முக்கோணங்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மருத்துவரோடு உட்காராத ஃபஸி, ஃபஸியின் ஒரே பலத்தைத் தூக்கி எறிந்த ஃபஸி. உட்கார்ந்தாலும் கணக்கு மிரட்டும்: நான்கு உள்ளீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று சொல் என்றால் 81 விதி. ஐந்து சொல் என்றால் 625. இருபது, முப்பது விதிக்கு மேல் எந்த மருத்துவரும் கவனத்தோடு பதில் சொல்லமாட்டார். நாடியையும் ஆக்சிஜனையும் ஒரு சிறு அமைப்பாகவும், அதன் விடையோடு மூச்சையும் காய்ச்சலையும் இன்னொன்றாகவும் அடுக்கிக் கட்டினால் விதிகள் கையடக்கமாகும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கடைசியில் அலாரம் அடிப்பதா வேண்டாமா என்பதற்கு ஃபஸியிலும் ஒரு கோடு போட்டாக வேண்டும். 0.5-ல் போட்டால் 0.49-க்கும் 0.51-க்கும் நடுவே அதே தாவல். அடிக்கத் தொடங்குவது 0.5-ல், நிறுத்துவது 0.4-க்குக் கீழே போன பிறகு என்று இரண்டு கோடு வைத்தால் ஊசலாட்டம் அடங்கும். இந்த உத்தியை அட்டவணைக்கும் பயன்படுத்தலாம். அதனால் 'எங்கள் முறையில் பொய் அலாரம் குறைந்தது' என்று எழுதும்போது குறைத்தது ஃபஸியா, இரட்டைக் கோடா என்று பிரித்துக்காட்டுவதே நேர்மை.

ஃபஸி அமைப்பில் மம்தானி வடிவமா சுகேனோ வடிவமா என்று அதிகம் குழம்ப வேண்டாம். மம்தானியில் விடையும் சொல்லாக வரும், அதை எண்ணாக்க அதன் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பின் ஈர்ப்பு மையத்தைக் கணக்கிட வேண்டும். 1985-ல் தகாகியும் சுகேனோவும் தந்த வடிவத்தில் விடை எண்ணாகவே வரும், எடையிட்ட சராசரி போதும். தசமக் கணக்குக்குத் தனி வன்பொருள் இல்லாத சிறு சிப்பில் சுகேனோதான் நிம்மதி.

கணிதத் துறையிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உறுப்பாண்மையோடு உறுப்பின்மையையும் தனியே அளக்கும் அடனாசோவின் உள்ளுணர்வு ஃபஸி கணம், உறுப்பாண்மையே ஒரு எண்ணாக இல்லாமல் ஒரு அகலமாக வரும் இரண்டாம் வகை ஃபஸி கணம் என்று மேலே மேலே போக ஆசை வரும், எனக்கும் வந்திருக்கிறது. அவற்றுக்கு உரிய இடம் உண்டு. மூன்று மருத்துவர்களைக் கேட்டு, காய்ச்சல் ஒருவருக்கு 37.8-ல், ஒருவருக்கு 38-ல், இன்னொருவருக்கு 38.3-ல் தொடங்கினால், அந்த விலகலையே இரண்டாம் வகைக் கணத்தின் அகலமாக வைக்கலாம். அப்போது அந்த அகலத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது. ஒருவரையும் கேட்காமல் அகலத்தை நாமே போட்டுக்கொண்டால் ஒரு தேற்றம் கிடைக்கும், கருவிக்கு ஒன்றும் கிடைக்காது.

## மெஷின் லேர்னிங்

ஈசிஜி அலையின் வடிவத்தைப் பார்த்து, இது தாளம் தப்பிய துடிப்பு என்று கண்டுபிடிக்கும் வேலைக்கு இதுவே முதல் தேர்வு. விநாடிக்கு 250 புள்ளியாக ஓடும் அலையில் எது கோணல் என்று எல்லாவற்றையும் மருத்துவர் விதியாகச் சொல்வது கடினம், பார்த்தால் தெரியும் என்பார். சொல்லத் தெரியாமல் பார்க்கத் தெரிந்த அறிவுக்கு எடுத்துக்காட்டுகள் தேவை, எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்பதற்கு இந்த முறை.

எடுத்துக்காட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் செலவு. நம் மாணவர்கள் எல்லாரும் எடுப்பது எம்ஐடி-பிஐஎச் என்ற ஈசிஜி பதிவுத் தொகுப்பு: 47 பேரிடமிருந்து அரைமணி நேரப் பதிவுகள் 48, எடுத்தது 1975 முதல் 1979 வரை. துடிப்புகளை மொத்தமாகக் கலைத்து, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மீதியைத் தேர்வுக்கும் பிரித்தால், ஒரே மனிதரின் துடிப்புகள் இரண்டு பக்கமும் விழும். கற்கும் நிரல் அந்த மனிதரை மனப்பாடம் செய்துகொள்ளும், துல்லியம் 99 சதவீதத்தைத் தொடும். பயிற்சிக்கு ஒரு கூட்டத்தினர், தேர்வுக்கு வேறு கூட்டத்தினர் என்று ஆள் வாரியாகப் பிரிக்கும் முறை 2004-லிருந்தே இருக்கிறது. அப்படிப் பிரித்தால் எண் இறங்கும், இறங்கிய எண்ணே உங்கள் எண்.

99-ஐ நம்பினாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் நாளுக்கு 1,03,680. எல்லாம் இயல்பான துடிப்பாகவே இருக்கும் ஒருவருக்கு நூற்றில் ஒன்று தவறினால் நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் பொய்க் குறி. வார்டில் இரண்டாம் நாளே ஒலியை அணைத்துவிடுவார்கள்.

நாடி, ஆக்சிஜன், மூச்சு, வெப்பம் என்று நான்கே எண் இருக்கும் சிக்கலுக்கு நியூரல் நெட்வொர்க் (மெஷின் லேர்னிங்கின் ஒரு வகை) போடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. அதற்கு வேண்டிய, 'இந்த நோயாளி அடுத்த ஆறு மணி நேரத்தில் மோசமானார்' என்ற குறியோடு கூடிய தரவு மாணவர் கையில் இருப்பதில்லை. அது இல்லாமல் அட்டவணையை வைத்துக் குறியிட்டு, அதையே கற்றுக்கொள்ளச் செய்கிறார்கள். கிடைப்பது அட்டவணையின் நகல்.

ஃபஸியையும் மெஷின் லேர்னிங்கையும் சேர்க்கும் அன்ஃபிஸ் என்ற முறை 1993-ல் வந்தது: ஃபஸி விதிகளைத் தரவை வைத்துச் சீராக்கும். நல்ல நடுவழிதான், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பயிற்சி முடிந்ததும் உறுப்பாண்மைக் கோடுகளை வரைந்து பார்த்தால், 'குறைவு' நகர்ந்து நகர்ந்து 'இயல்பு' மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கலாம். சொல்லின் பொருள் போய்விட்டால் ஃபஸி என்ற பெயர் மட்டுமே மிஞ்சும்.

## மூன்றுக்கும் பொதுவான இரண்டு செலவு

ஒன்று ரேடியோ. 250 புள்ளி, ஒவ்வொன்றும் இரண்டு பைட் என்று ஈசிஜியை அப்படியே அனுப்பினால் நாளுக்கு 43.2 மெகாபைட். உடம்பிலேயே முடிவெடுத்து நிமிடத்துக்கு 20 பைட் செய்தி அனுப்பினால் 28.8 கிலோபைட். 1,500 மடங்கு வித்தியாசம். பட்டன் செல்லில் இருப்பது சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. ஈஎஸ்பி32 சிப் வைஃபையில் அனுப்பும் நொடியில் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்த மின்னோட்டத்தைப் பட்டன் செல் தரவே தராது. முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் கணக்கு எங்கே நடக்கும் என்று தீர்மானித்துவிடுங்கள்.

மற்றது தோலின் நிறம். 2020-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கறுப்பின நோயாளிகளிடம் விரல் கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில் 11.7 சதவீதத்தில் உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது. வெள்ளையரில் அது 3.6 சதவீதம். சிவப்பும் அகச்சிவப்புமாக இரண்டு ஒளியை வைத்து அளக்கும் கருவி, தோலின் நிறமியால் ஏமாறுகிறது. நம் ஊரில் கருவி செய்கிறவர்கள் இதைத் தாண்டிப்போக முடியாது. எண்ணே தவறாக வந்தால் அட்டவணை, ஃபஸி, மெஷின் லேர்னிங் எதுவும் காப்பாற்றாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மதிப்பெண் அட்டவணை | ஃபஸி | மெஷின் லேர்னிங் |
|---|---|---|---|
| அறிவு இருக்கும் இடம் | அச்சிட்ட அட்டவணை | மருத்துவரின் பேச்சு | குறியிட்ட தரவு |
| கோட்டோரத் தாவல் | அதிகம் | குறைவு, கடைசிக் கோட்டில் மட்டும் | கடைசிக் கோட்டில் மட்டும் |
| சிப்பின் சுமை | மிகக் குறைவு | குறைவு (சுகேனோ) | நடுத்தரம் முதல் அதிகம் |
| சிஸ்டருக்கு விளக்கம் | உடனே | விதியைக் காட்டலாம் | கடினம் |
| மறைந்த செலவு | அளக்க முடியாத அளவுகள் | மருத்துவரின் நேரம் | ஆள் வாரியான தரவு |
| பொருந்தும் வேலை | வார்டில் முழு அளவீடு | சில எண்களின் சேர்க்கை | அலையின் வடிவம் |

## யாருக்கு எது

ஆறு மாதத்தில் முடிக்க வேண்டிய இறுதியாண்டு புராஜெக்ட், மருத்துவர் தொடர்பு இல்லை: அட்டவணையையும் இரட்டைக் கோட்டையும் எடுங்கள். உழைப்பை ரேடியோவிலும் மின்கலத்திலும் காட்டுங்கள். அதில் எழுத எவ்வளவோ இருக்கிறது.

வாரம் ஒரு மணி நேரம் தரத் தயாராக ஒரு மருத்துவர் இருக்கிறார், சென்சாரிலிருந்து நான்கைந்து எண் வருகிறது: சுகேனோ ஃபஸி, அடுக்கிக் கட்டியது. பக்கத்திலேயே அட்டவணையையும் ஓட்டி, இரண்டும் எங்கெங்கே வேறுபட்டன என்ற பட்டியலை மருத்துவரிடம் கொடுங்கள். ஆய்வேட்டின் மிக நல்ல அத்தியாயம் அந்தப் பட்டியலிலிருந்து வரும்.

ஈசிஜி: மெஷின் லேர்னிங், ஆள் வாரியாகப் பிரித்து. துடிப்பைக் கண்டறிந்த பிறகு அந்த விடையையும் நாடியையும் ஆக்சிஜனையும் சேர்த்து அலாரம் முடிவு செய்யும் கடைசிப் படியில் ஃபஸியை வைக்கலாம். பிஎச்.டி.க்கு எனக்குப் பிடித்த அமைப்பு இதுதான்.

எதை எடுத்தாலும் முடிவெடுக்கும் பகுதிக்கு முன்னால் ஒரு சோதனை இருக்கட்டும்: தகவல் வந்ததா, வந்தது நம்பும்படி இருக்கிறதா? இல்லையென்றால் அந்த அளவு கணக்குக்குள்ளேயே போகக் கூடாது. குப்புறப் படுத்துத் தூங்கிய மாணவரின் கருவி இப்போது அப்படித்தான் வேலை செய்கிறது. தகவல் நின்றால் திரை சாம்பல் நிறமாகி, 'கடைசி அளவு 1.42 மணி, 6 நிமிடமாகத் தகவல் இல்லை' என்று காட்டும். வார்டில் அதைப் பார்க்கும் சிஸ்டர் எழுந்து போய் ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பார்.